எர்சிலியாவுக்கு உத்தரவிட்டவள் நானே

அனுப்புநர்:
அலெக்ரினா நோர்சா, வயது 72,
காலஞ்சென்ற துணி வியாபாரி லியோனே நோர்சாவின் மனைவி,
யூத இனம் (எல்லா விண்ணப்பங்களிலும் குறிப்பிட வேண்டும் என்ற உத்தரவின்படி குறிப்பிடப்படுகிறது),
ஆலைக் கால்வாய்த் தெரு, ரிவமோரா.

பெறுநர்:
மாகாண ஆட்சித் தலைவர் மற்றும் ஊர்விலக்குக் குழுத் தலைவர் அவர்கள்,
மாகாணத் தலைமை அலுவலகம்.

பொருள்: யூதர் வீட்டில் ஆரியப் பணியாளர் வேலை செய்யக்கூடாது என்ற சட்டத்தை மீறியவர் மீது புகார் – அதே நிகழ்வுக்காக ஊர்விலக்குத் தண்டனை பெற்ற எர்சிலியா பெரெட்டியை விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

புகாருக்கு உள்ளானவர்: மேற்படி அலெக்ரினா நோர்சா. அதாவது, மனுதாரர்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டில் முன்பு வேலை பார்த்த எர்சிலியா பெரெட்டி, வயது அறுபத்தொன்று, கத்தோலிக்கர், ‘யூதர்களிடம் இரக்கம் காட்டிய’ குற்றத்துக்காகத் தங்கள் குழுவால் இரண்டு ஆண்டுகள் தெற்கே ஒரு தீவுக்கு ஊர்விலக்கு செய்யப்பட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் அவரை ஏற்றுகிறார்கள். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. குளிர்காலத்தில் எங்கள் மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். அந்தத் தீவிலிருந்து அவர் உயிரோடு திரும்புவார் என்று கூடப் பிறந்த தங்கையே நம்பவில்லை. அவர் குற்றம் செய்யவில்லை. செய்தவள் நான். என் புகாரின் சாரம் இவ்வளவுதான். முழுவதையும் படிக்கத் தங்களுக்கு நேரமில்லையென்றால், இந்தப் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டுமாவது படிக்க வேண்டுகிறேன்.

2. மனு என்பதால் ‘அவர்’ என்று எழுதினேன். இனி ‘அவள்’ என்றே எழுதுகிறேன். பழகிய கை பழகிய மாதிரிதான் போகும். எர்சிலியா எங்கள் வீட்டுக்கு வந்தபோது முப்பதைத் தொடாதவள். வாய்த்துடுக்கு அப்போதே அறுபதைத் தொட்டிருந்தது.

3. வழக்கே எங்கள் சனிக்கிழமையைப் பற்றியது என்பதால் அதைச் சற்று விளக்க அனுமதிக்க வேண்டும். வெள்ளி மாலை விளக்கேற்றியதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை எங்களுக்கு ஓய்வு நாள். அதற்குள் நாங்கள் நெருப்பு மூட்டுவதில்லை. வேற்று மதத்தவரைப் பார்த்து ‘எனக்காக மூட்டு’ என்று சொல்வதும் கூடாது. எலும்பைத் துளைக்கும் குளிரென்றால் நேராகவே சொல்லலாம் என்று இடம் கொடுத்த குருமார்களும் உண்டு. என் தகப்பனார் அந்த இடத்தை ஏற்காதவர். நான் அவர் மகள். ஆனால் குளிரைப் பற்றிப் பொதுவாகப் பேச யாரும் தடை விதிக்கவில்லை. காற்றைப் பார்த்து ‘குளிருகிறது’ என்று சொல்லலாம். கேட்டவர் தாமாகப் புரிந்துகொண்டு மூட்டினால் அது அவர் செயல், நம் பாவம் அல்ல. ஆயிரம் ஆண்டுகளாகக் குளிர்நாடுகளில் எங்கள் ஆட்கள் இப்படித்தான் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

4. இது எர்சிலியாவுக்கு முதல் வாரம் தெரியாது. நான் ஜன்னலைப் பார்த்து, “இன்னிக்கு என்ன இப்படிக் குளிருது!” என்றேன். ஓடிப்போய்ச் சால்வை கொண்டுவந்து போர்த்தினாள். “ரெண்டு காலும் இருக்கா போச்சான்னே தெரியலை” என்றேன். கம்பளிக் காலுறை வந்தது. என் கணவர் பொறுமை இழந்து உத்தரத்தைப் பார்த்து, “நம்ம வீட்ல அடுப்புன்னு ஒண்ணு இருந்ததா ஞாபகம்” என்றார். அவள் பதறிப்போய் அவரைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், “இதோ இருக்குங்களே ஐயா, நேத்து இருந்த எடத்துலதான்!” என்று காட்டினாள். அன்று முழுவதும் மூன்று பேரும் சால்வைக்குள் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் விவரம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏம்மா, எனக்கே புரியுற சாடை சாமிக்குப் புரியாதா? அவரு என்ன அவ்வளவு வெகுளியா?” என்று கேட்டாள். நான் மழுப்பினேன். என் தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால் அவரும் மழுப்பித்தான் இருப்பார். அதன் பிறகு அவளுக்குச் சாடை பழகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், “என்னம்மா, இன்னிக்கு அடுப்பப் பத்திக் கனவு கண்டீங்களா?” என்பாள். நாங்கள் பன்றி சாப்பிடுவதில்லை என்று வாத்து இறைச்சியில் தொத்திறைச்சி செய்யப் பழகினாள். எங்கள் நோன்பு நாளில் தானும் சாப்பிடாமல் இருந்துவிட்டு மாலையில் என்னைவிட அதிகமாகச் சாப்பிட்டாள். இவையெல்லாம் இரக்கம் அல்ல, ஐயா. வேலைக்காரி எஜமானி வீட்டு வழக்கத்துக்கு உட்பட்டாள், அவ்வளவுதான். அப்படித்தான் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

5. 1938 நவம்பரில் சட்டம் வந்தது. எர்சிலியா கால்வாய்க்கு அக்கரையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். போகும்போது அழவில்லை, திட்டினாள். யாரைத் திட்டினாள் என்று இந்த மனுவில் எழுதுவது மரியாதையாக இருக்காது.

வெள்ளிக்கிழமை மாலை கட்டையைச் சாம்பலுக்குள் மூடி வைத்தால் மறுநாள் மதியம் வரை கனன்றுகொண்டிருக்கும். அது போருக்கு முந்தைய விறகு. இப்போது பங்கீட்டில் கிடைப்பது ஈரமான நெட்டிலிங்கக் கட்டை. விடிவதற்குள் அணைந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு போன குளிர்காலத்திலிருந்து எர்சிலியா சனிக்கிழமை காலையில் முற்றத்துக் கதவு வழியாக வரத் தொடங்கினாள். அடுப்பை மூட்டுவாள், முந்தின நாள் செய்துவைத்த அவரைக்காய்ப் பானையை அதன் மேல் ஏற்றுவாள், ஊரில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போவாள்.

6. நெருப்பில்லாமல் புகையாது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவுக்கு இன்னொன்றும் தெரியும்: சனிக்கிழமை நோர்சா வீட்டில் ஆளில்லாமல் நெருப்பில்லை. மகன் ஊரில் இல்லை, கணவர் கல்லறையில் இருக்கிறார், இந்தக் கிழவி தன் கையால் தீக்குச்சி கிழிக்கமாட்டாள். ஆகவே இந்த மாதம் மூன்றாம் தேதி காலை எங்கள் புகைக்கூண்டில் புகை தெரிந்ததும், உள்ளே ஒரு கிறிஸ்தவர் இருக்கிறார் என்று எதிர் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர் கணக்கில் தவறில்லை. நான் கொஞ்சம் பக்தி குறைந்தவளாக இருந்திருந்தால் ‘யூதச்சியே மூட்டியிருப்பாள்’ என்று நினைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பார். எர்சிலியாவைக் காட்டிக் கொடுத்தது புகை அல்ல, என் ஆசாரம். இது என் நெஞ்சை அறுக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

7. ஆய்வாளர் திரு. ஸக்கெத்தி உடனே வந்துவிட்டார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. தொப்பியைக் கழற்றவில்லை, குளிர் காரணமாக இருக்கலாம். சட்டவிரோதமான அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளை அனலில் காட்டிக்கொண்டுதான் விசாரணையைத் தொடங்கினார். அவர் கேட்டதும் அவள் சொன்னதும் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது.

“ஏம்மா, இந்தக் கெழவி உன்ன அடுப்புப் பத்த வைக்கச் சொன்னுச்சா இல்லியா? ஒரு வார்த்தையில சொல்லு.”

“இல்லீங்க.”

“சம்பளம் குடுக்குதா?”

“காலணா கெடையாது.”

“அப்ப யாரு உன்ன வரச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நானாத்தான் வந்தேன்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? அவுங்களுக்குக் குளிருமே!”

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, “நீ சொன்னியா?” என்று கேட்டார். “இல்லை” என்றேன்.

8. அறிக்கையில் ‘அவுங்களுக்குக் குளிருமே’ என்பது ‘யூத இனத்தவர் மீதான இரக்க உணர்ச்சியை ஒப்புக்கொண்டார்’ என்று ஆகிவிட்டது. உத்தரவு இல்லை, சம்பளம் இல்லை, ஆகவே வேலை இல்லை. வேலை இல்லாததால் வேலை கொடுத்த குற்றமும் இல்லை என்று என்னை விட்டுவிட்டார்கள். எர்சிலியா தானாக வந்தவள், ஆகவே பத்திரிகைகள் கேலி செய்யும் ‘இரக்கக்காரர்களில்’ ஒருத்தி என்று அவளைக் கொண்டுபோனார்கள். ‘மேற்படி அலெக்ரினா நோர்சா சனிக்கிழமை ஆசாரத்தை மிகக் கண்டிப்பாகக் காப்பவர் என்று தெருவார் அனைவரும் சொல்வதால், அவர் நெருப்பு மூட்ட உத்தரவிட்டிருக்க வழியில்லை’ என்று அறிக்கை முடிகிறதாம். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே அரசு நற்சான்றிதழ் இதுதான். அதை ரத்து செய்யக் கோரித்தான் இந்த மனு.

9. அறிக்கை தவறு. உத்தரவு இருந்தது. அன்று காலை நான் வாய் திறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை பிற்பகலே சாம்பலை அள்ளிவிட்டு, சுள்ளியை அடுக்கி, அதன் மேல் கட்டையைச் சாய்த்து, தீப்பெட்டியை அடுப்பு மேடை ஓரத்தில், கதவைத் திறந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் வைத்தவள் நான். முற்றத்துக் கதவின் தாழ்ப்பாளைப் போடாமல் விட்டவளும் நான். மறுநாள் தன் கையால் மூட்டப் போவதில்லை என்று தெரிந்த ஒருத்தி யாருக்காக இப்படி அடுக்கி வைப்பாள்? ஆய்வாளர் அந்தத் தீப்பெட்டியை எடுத்துத்தான் தன் சுருட்டைப் பற்றவைத்தார். அது சாட்சிப் பொருள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

10. சாடை உத்தரவாகாது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்த நிழலில் ஐம்பது ஆண்டுகள் நிம்மதியாகக் குளிர்காய்ந்தேன். இந்த மூன்று வாரங்களாக, அடுப்பு மூட்டாத சமையலறையில் உட்கார்ந்து யோசித்ததில் எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. சாடை என்பது உத்தரவுதான். உத்தரவிட்டவர் தப்பித்துக்கொள்ள வழி வைத்த உத்தரவு. கேட்டவளுக்குத்தான் வழியில்லை. எஜமானி குளிரில் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒரு வேலைக்காரி எப்படிச் சும்மா இருப்பாள்?

இது வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் தங்களுக்கு விளங்கும். எங்களைப் ‘போங்கள்’ என்று இதுவரை எந்த அதிகாரியும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தொலைபேசிப் புத்தகத்திலிருந்து பெயரை எடுத்தார்கள். வானொலிப் பெட்டியை எடுத்துப் போனார்கள். நாங்கள் இறந்தால் பத்திரிகையில் இரங்கல் அறிவிப்புப் போடக்கூடாது என்றார்கள்; செத்தாலும் சத்தமில்லாமல் சாக வேண்டும். இருபது வருடம் ரொட்டி வாங்கிய கடையில் ‘இது ஆரியர் கடை’ என்று பலகை தொங்குகிறது. என் மகன் துல்லியோ, லத்தீன் ஆசிரியர், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு ஓர் ஆண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புவனோஸ் ஐரெஸுக்குக் கப்பலேறிவிட்டான். அவனுக்குக் கடவுச்சீட்டு கொடுத்தவர் சிரித்தபடி, “பத்திரமாப் போயிட்டு வாங்க சார்” என்றுதான் சொன்னாராம்.

சாடை உத்தரவாகாது என்றால், என் மகன் தன் இஷ்டத்துக்குத் தாயை விட்டுப் போனான் என்று ஆகிறது. அப்படி இல்லை என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் விஷயத்தில் சாடை உத்தரவு என்றால், எர்சிலியா விஷயத்திலும் உத்தரவுதான். இரண்டில் ஒன்றைத் தாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

11. ஆய்வாளர் கேட்டபோது ஏன் ‘இல்லை’ என்றாய் என்று கேட்கலாம். அபராதத்துக்குப் பயந்து என்று எழுதிக்கொள்ளவும். எங்கள் ஆட்களைப் பற்றி அப்படிச் சொன்னால் யாரும் மறுபேச்சில்லாமல் நம்புவார்கள். உண்மையில், எந்தப் பதில் அவளைக் காப்பாற்றும், எது அவளை அழிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ‘இல்லை’ என்றாள். நானும் ‘இல்லை’ என்றேன். என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் சொல்கிறாள் என்பதும், அதற்கு விலை உண்டு என்பதும் அவர்கள் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போன பிறகுதான் உறைத்தது. வாசல்படியில் திரும்பி, “பானைய எறக்கி வச்சிருங்கம்மா, அடிப்பிடிக்கும்” என்றாள்.

இப்போது இருவர் வாக்குமூலங்களும் முரண்படுகின்றன. இப்படி முரண்பட்டால் யூதரை விட்டுவிட்டுக் கிறிஸ்தவரை நம்புவது தங்கள் அலுவலக வழக்கம். இந்த ஒரு முறை மட்டும் யூதப் பெண்ணை நம்ப வேண்டும்.

12. ஆகவே நான் வேண்டுவது: எர்சிலியா பெரெட்டியின் மீதான ஊர்விலக்கு உத்தரவை, ரயில் புறப்படுவதற்கு முன் நிறுத்த வேண்டும். தடையை மீறி ஆரியப் பணியாளரை வேலை வாங்கிய குற்றத்தை என் மீது பதிவு செய்ய வேண்டும். அபராதமென்றால் வீட்டை விற்றுக் கட்டுகிறேன். தீவுக்குத்தான் ஆள் வேண்டுமென்றால், பயணச்சீட்டு வீணாகாமல் அவள் இடத்தில் நான் போகிறேன். எனக்கு மூச்சிரைப்பு இல்லை; கடற்காற்று ஒத்துக்கொள்ளும்.

13. இந்த ஆசாரக்காரக் கிழவி வேலைக்காரியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள், சனிக்கிழமையை மீறும் துணிச்சல் அவளுக்கு ஏது என்று தங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். அதற்கு என் பதில் இது.

வெள்ளி மாலை, விளக்கேற்றி முடித்த பிறகு, எர்சிலியாவின் தங்கை வந்தாள். “ஞாயித்துக்கெழமை அக்காவ ரயில் ஏத்துறாங்கம்மா. ‘அவுங்களுக்குச் சனிக்கெழமை முடியட்டும், அப்புறமா சொல்லு, அந்த ஒரு நாளாவது நிம்மதியா இருக்கட்டும்’னு சொல்லியனுப்புனா. என்னால பொறுக்க முடியல, சொல்லிட்டேன்” என்றாள். எங்கள் ஓய்வு நாள் முடிந்து எழுதலாமென்றால், தங்கள் அலுவலகம் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கே மூடப்பட்டு எல்லோரும் அணிவகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அடுத்துக் கதவு திறப்பது திங்கட்கிழமை. உயிராபத்தென்றால் மீறலாம் என்று எங்கள் வேதத்தில் இடமுண்டு. இது அந்த வகையைச் சேர்ந்ததா என்று கேட்க இந்த ஊரில் இப்போது ஒரு குரு கூட மிஞ்சவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

எங்களுக்கு ஓய்வு நாளில் எழுதுவதும் நெருப்பு மூட்டுவதும் ஒரே தரத்துக் குற்றம். எழுபத்திரண்டு வயது வரை அந்த நாளில் நான் பேனாவைத் தொட்டதில்லை. இந்த மனுவின் ஒவ்வோர் எழுத்தும் என் கையால் எழுதப்பட்டது. கையெழுத்தை எந்தப் பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதைப் பெற்றுக்கொள்ளும் ஊழியர் முத்திரை குத்தும்போது, தேதியோடு கிழமையையும் தெளிவாகக் குறிக்க வேண்டுகிறேன்.

உத்தரவிட்டவளும் மனுதாரருமான,
(ஒப்பம்) அலெக்ரினா நோர்சா

இடம்: ரிவமோரா
நாள்: 24 ஜனவரி 1942, பாசிச ஆட்சியின் இருபதாம் ஆண்டு
சனிக்கிழமை, முற்பகல்